ஒரே டேக், இரண்டு செக்சம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பேக்கேஜ் ஒன்றின் அடுத்த திருத்தத்தை அதன் களஞ்சியத்தில் ஏற்றினேன், நிராகரிப்பு வந்தது. களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கும் மூல டார் கோப்பின் (மூல நிரலை ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய கோப்பு) செக்சம், அதாவது பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், வேறாம். மூல நிரலில் ஒரு வரிகூட மாறவில்லையே! இரண்டையும் விரித்துப் பார்த்தால் உள்ளே டார் அச்சு அசலாக ஒன்றுதான், சுருக்கம் மட்டும் வேறு. இரண்டும் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஒரே டேக்கிலிருந்து, அதாவது ஒரே பதிப்புக் குறியிலிருந்து, 'கிட் ஆர்க்கைவ்' கட்டளையால் எடுத்தவை. கிட் 2.38 முதல் அந்தக் கட்டளை வெளியே உள்ள ஜிசிப் என்ற சுருக்கும் நிரலை அழைக்காமல் தானே சுருக்குகிறது. பில்ட் சர்வரில் பழைய கிட், என் மடிக்கணினியில் புதியது. கிட் அமைப்பில் 'ஜிசிப் -சிஎன்' கட்டளையைக் கொடுத்தால் பழையபடி வரும்தான், ஆனால் ஒவ்வொரு கணினியிலும் அதை யார் நினைவு வைப்பது?

டெபியன் களஞ்சியத்தில் இருந்த கோப்பையே இறக்கி, 'பிரிஸ்டைன்-டார் கமிட்' கொடுத்தேன். அதே டார் கோப்பைப் பைட் மாறாமல் கிட்டிலிருந்து மீண்டும் உருவாக்க உதவும் கருவி அது. கிட்டில் உள்ளதற்கும் அந்தக் கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது தனிக் கிளையில் வைக்கும். அப்புறம் ஜிபிபி (கிட்டிலிருந்து டெபியன் பேக்கேஜ் கட்டும் கருவி) அமைப்புக் கோப்பிலும் பிரிஸ்டைன்-டாரை இயக்கினேன். அந்தக் கிளையையும் புஷ் செய்தால்தான் மற்றவர்களுக்கும் அதே பைட்டுகள் கிடைக்கும்.