பார்டர் கோலி ஈத்து எடுக்கப் போறீங்களா? மொதல்ல பொருத்தம் பாருங்க

பார்டர் கோலின்னா ஆடு ஓட்டற நாய் இனம். என் மொத ஈத்துல அஞ்சு குட்டி. நாலு கொழுகொழுன்னு வந்துச்சு, அஞ்சாவது மட்டும் மூஞ்சி ஒடுங்கி கீரிப்புள்ள மாதிரி சின்னதாவே நின்னுருச்சு. தடுப்பூசி போட்ட ரெண்டு நாள்ல காய்ச்சல், பார்வோங்கற வைரஸ் நோயா இருக்கும்னு நெனச்சு ட்ரிப்ஸ் ஏத்தினோம், ஆன்டிபயாடிக் குடுத்தா தேறும் நிறுத்தினா திரும்ப படுத்துக்கும், இப்படியே இழுத்துகிட்டு கெடந்து நாலாவது மாசம் போயிருச்சு. அப்புறமா டெஸ்ட் பண்ணிதான் தெரிஞ்சுது அது டிஎன்எஸ், அதாவது ட்ராப்டு நியூட்ரோஃபில் சிண்ட்ரோம்னு. ரத்தத்துல கிருமியோட சண்ட போடற நியூட்ரோஃபில் வெள்ளையணு எலும்பு மஜ்ஜைக்குள்ள உண்டாகும், ஆனா வெளிய வர முடியாம அங்கயே மாட்டிக்கும், அதான் நோய். அப்பா அம்மா ரெண்டும் கேரியர், அதாவது தனக்கு நோய் இல்லாம கெட்ட ஜீன மட்டும் சுமக்கற நாய்ங்க. ரெண்டுமே நாள் பூரா ஆடு ஓட்டற நாய்ங்க, ஒரு நாள் கூட டாக்டர்கிட்ட போனதில்ல. டெஸ்ட் அப்பவே இருந்துச்சு, நான்தான் எடுக்கல. அதனால இத எழுதறேன். நான் இருக்கறது வட இங்கிலாந்துல, இங்க உள்ள நடைமுறையதான் சொல்றேன்.

இந்த இனத்தோட கதைய கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க, இல்லாட்டி எதுக்கு இவ்ளோ டெஸ்ட்டுன்னு புரியாது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல உள்ள எல்லைப் பக்கம்தான் பொறந்த எடம், பேருலயே பார்டர் இருக்கு. 1893ல நார்தம்பர்லாந்துல ஆடம் டெல்ஃபர்ங்கறவர்கிட்ட ஓல்டு ஹெம்ப்னு ஒரு ஆண் நாய் பொறந்துச்சு. குரைக்காம கடிக்காம வெறும் கண்ணாலயே முறைச்சு ஆட்ட நகத்தும், சத்தமில்லாத வேலைக்காரன். பாத்தவங்க எல்லாம் அதுகிட்டதான் சேத்தாங்க, சுமார் 200 குட்டிக்கு அப்பான்னு சொல்றாங்க, இன்னிக்கு உள்ள பார்டர் கோலி கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் அதுதான் பாட்டன் முப்பாட்டன். 1906ல ஐஎஸ்டிஎஸ்னு ஷீப்டாக் சங்கம் ஆரம்பிச்சு வம்சாவளி எழுத ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1963ல விஸ்டன் கேப்னு இன்னொரு சூப்பர்ஸ்டார் ஆண் நாய் பொறந்துச்சு, அதே கூத்துதான். ஒரே ஆண் நாய்கிட்ட எல்லாரும் போய் நின்னா, அதுகிட்ட ஒளிஞ்சிருக்கற கெட்ட ஜீனும் ஊரு பூரா பரவும், நாலஞ்சு தலைமுறை கழிச்சு அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒண்ணா சேந்து வந்து கதவ தட்டும்.

இப்ப முக்கியமான கணக்கு. டிஎன்எஸ், கண்ணுல வர்ற சிஇஏ, மூளைய அழிக்கற சிஎல், இது மாதிரி நோய் வரணும்னா அந்த ஜீனோட கெட்ட காப்பி அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு ரெண்டும் வரணும். ஒண்ணு மட்டும் இருந்தா அது கேரியர், சாகற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஒண்ணுமே இல்லாட்டி கிளியர். கேரியரையும் கிளியரையும் சேத்தா குட்டிங்கள்ல சராசரியா பாதி கேரியர் பாதி கிளியர், நோய் உள்ள குட்டி ஒண்ணு கூட கெடையாது. கேரியரையும் கேரியரையும் சேத்தா ஒவ்வொரு குட்டிக்கும் 25% நோய். நம்ம ஊர்ல செவ்வா தோஷத்துக்கு செவ்வா தோஷமா பாத்து கட்டி வைப்போம்ல, இங்க அது நேர் எதிர். தோஷம் உள்ளத தோஷம் இல்லாததுகிட்டதான் குடுக்கணும்.

இதுல புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு, ரிப்போர்ட்ல கேரியர்னு பாத்த உடனே அந்த நாய ஒதுக்கிடறது. நான் இத ஒத்துக்கவே மாட்டேன். அஞ்சாறு நோய்க்கு டெஸ்ட் பண்ணி, எதுலயாவது கேரியரா இருந்தா வேண்டாம்னு எல்லாரும் தள்ளினா மிச்சம் நிக்கற கொஞ்ச நாய்ங்களுக்குள்ளயே சுத்தி சுத்தி ஈத்து எடுக்கணும், அப்ப இன்னும் டெஸ்ட்டே கண்டுபிடிக்காத வேற ஏதோ ஒரு நோய் மேல வரும். நல்ல இடுப்பு, நல்ல குணம், ஆட்டுகிட்ட நிதானம், இவ்ளோ இருக்கற பொட்ட நாய் சிஇஏ கேரியரா இருந்தா தாராளமா ஈத்து எடுங்க, ஆண் மட்டும் சிஇஏ கிளியரா பாருங்க, குட்டிங்கள டெஸ்ட் பண்ணி அடுத்த தலைமுறைக்கு வைக்கறதுல முடிஞ்சா கிளியரா ஒண்ண வைங்க. ஒரே தலைமுறைல அந்த ஜீன் உங்க வீட்ட விட்டு போயிரும், நல்ல ரத்தமும் கைல நிக்கும்.

டிஎன்ஏ டெஸ்ட்ல பார்டர் கோலிக்கு நான் கட்டாயம்னு வச்சிருக்கறது சிஇஏ, டிஎன்எஸ், சிஎல், ஐஜிஎஸ் நாலும். சிஎல் ரொம்ப கொடூரம், குட்டியா இருக்கும்போது ஒரு அறிகுறியும் இருக்காது, ஒரு வயசுக்கு மேலதான் பயம், தள்ளாட்டம், கண்ணு தெரியாம போறதுன்னு ஆரம்பிக்கும், மூணு வயசு தாண்டறது அபூர்வம். ஐஜிஎஸ்ங்கறது பி12 உடம்புல சேராத கோளாறு, ஊசி போட்டே நல்லா வாழ வைக்கலாம், ஆனா தெரிஞ்சாதான வைக்க முடியும். சென்சரி நியூரோபதின்னு நரம்பு நோய் ஒண்ணு, பல்லு சீக்கிரமே தேஞ்சு போற ரெய்ன் சிண்ட்ரோம் ஒண்ணு, பேக்கேஜ்லயே வந்தா எடுத்துக்கங்க.

எம்டிஆர்1ம் ஒரு டெஸ்ட், சில மருந்து நாய்க்கு ஒத்துக்குமான்னு சொல்ற ஜீன பாக்கறது. பார்டர் கோலில இது கம்மி, ஆனா அதோட சொந்தக்காரன் ரஃப் கோலில பத்துல ஏழு நாய்க்கு இந்த ஜீனோட கெட்ட காப்பி இருக்கு. இது உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் அதிக டோஸ்ல போனா மூளைக்குள்ள ஏறி கோமா வரைக்கும் போகும். பண்ணைல ஆட்டுக்கு பூச்சி மருந்தா ஐவர்மெக்டின் ஊத்துவாங்க, ஓட்டற நாய் அந்த ஆட்டுப் புழுக்கைய திங்கும், அதனால பண்ணைக்காரங்க இத லேசா எடுத்துக்காதீங்க. நம்ம ஊர்ல உண்ணிக்கு இதே மருந்த ஊசியா போடறது சகஜம், கோலி வகை நாய் வச்சிருக்கறவங்க டெஸ்ட் ரிசல்ட் இல்லாம அந்த ஊசிக்கு தலையாட்டாதீங்க.

சிஇஏக்கு டிஎன்ஏ இருந்தாலும் குட்டிங்கள அஞ்சு வாரத்துல இருந்து எட்டு வாரத்துக்குள்ள கண் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டுங்க. லேசா பாதிச்ச கண்ணுல வயசு ஏற ஏற நிறமி வந்து மூடிக்கும், பெரிய நாயா ஆனப்புறம் பாத்தா நார்மல்னு எழுதிக் குடுத்துருவாங்க, ஜீன் மட்டும் அப்படியே உள்ள இருக்கும். "கண்ணு செக் பண்ணியாச்சு"ன்னு ஒருத்தர் பேப்பர் நீட்டினா எந்த வயசுல எடுத்ததுன்னு பாருங்க.

வாய்ல பஞ்சு வச்சு தேய்க்கற ஸ்வாப் சாம்பிள் வீட்டுலயே எடுக்கலாம். பால் குடிக்கற குட்டின்னா தாய்கிட்ட இருந்து ஒண்ணு ரெண்டு மணி நேரம் பிரிச்சு வச்சுட்டு எடுங்க, இல்லாட்டி தாயோட செல்லும் சேந்து போய் ரிசல்ட் குழம்பும். ஒரே தட்டுல தின்ன நாய்ங்களுக்கும் அதே கதைதான். மைக்ரோசிப் நம்பர் ஃபார்ம்ல இருக்கணும், நம்பர் இல்லாத ரிப்போர்ட் எந்த நாயோடதுன்னு யாருக்குத் தெரியும்? அப்பா அம்மா கிளியர்ங்கறதால பேரன் பேத்தி கொள்ளுப்பேத்தி வரைக்கும் டெஸ்ட் இல்லாமயே கிளியர்னு சொல்லிகிட்டு போறவங்க இருக்காங்க, நடுவுல எங்கயாவது அப்பா யாருன்னு தப்பா எழுதியிருந்தா மொத்த சங்கிலியும் போச்சு. ரெண்டு தலைமுறைக்கு ஒரு தடவ திரும்ப எடுங்க.

ஸ்வாப் சொல்லாததும் நெறைய இருக்கு. இடுப்பு எக்ஸ்ரே ஒரு வயசு முடிஞ்சப்புறம்தான் எடுப்பாங்க, பிரிட்டன்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் 0ல இருந்து 53 வரைக்கும் மார்க், மொத்தம் 106, கம்மியா இருந்தா நல்லது. வலது 3 இடது 18னு வந்தா கூட்டி 21னு மட்டும் பாக்காதீங்க, அந்த 18தான் விஷயம். கண்ணுல தண்ணி வடியற கோணம் குறுகலா இருந்தா பின்னாடி குளுக்கோமா வரலாம், அதுக்கு கோனியோஸ்கோப்பின்னு தனியா ஒரு பரிசோதனை இருக்கு, இந்த இனத்துல அத விடாதீங்க. வலிப்பு நோய்க்கு பார்டர் கோலில நம்பி எடுக்கற மாதிரி டிஎன்ஏ டெஸ்ட் கெடையாது. அதுக்கு ஒரே வழி விசாரிக்கறதுதான், அண்ணன் தம்பி, அத்தை, முந்தின ஈத்து குட்டிங்க யாருக்காவது வலிப்பு வந்துச்சான்னு போன் போட்டு கேக்கணும், பொண்ணு பாக்க போறதுக்கு முன்னாடி தெருமுனைல விசாரிப்போமே அது மாதிரி. பெரும்பாலும் ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசுக்குள்ளதான் மொத வலிப்பு வரும், அதனால ஒரு வயசு ஆண் நாய் ஆடு ஓட்டற போட்டில ஜெயிச்சிருச்சேன்னு ஓடிப்போய் சேக்காதீங்க. நான் மூணு வயசாவது ஆகட்டும்னு காத்திருப்பேன். அதோட அப்பா இன்னும் உயிரோட ஆரோக்கியமா இருந்தா அத விட நல்ல சர்டிஃபிகேட் இல்ல.

அப்புறம் மெர்ல், அந்த புள்ளி புள்ளியா நீலச் சாம்பல் கலரு. போட்டோல அழகா இருக்கும், அதிக வெல போகும். மெர்லயும் மெர்லயும் சேத்தா கால்வாசி குட்டிக்கு மெர்ல் ஜீனோட ரெண்டு காப்பியும் போகும், காது கேக்காம, கண்ணு சுருங்கி, சிலது கண்ணே இல்லாம பொறக்கும். வெளிர் சிவப்பு நாய்ல மெர்ல் உள்ள இருந்தாலும் வெளிய தெரியாது, அதனால வம்சத்துல மெர்ல் இருந்தா அதுக்கும் டிஎன்ஏ எடுத்துருங்க.

சொந்தத்துக்குள்ள எவ்ளோ நெருக்கம்னு ஒரு சதவீதம் போடுவாங்க, சிஓஐ. நம்ம கணக்குல சொன்னா மாமன் மக அத்தை மகன் கல்யாணம் 6.25%, அக்கா மகள கட்டினா 12.5%, கூடப் பொறந்ததுங்கன்னா 25%. நாய்ங்கள பதிவு பண்ற சங்கமான கென்னல் கிளப்போட வெப்சைட்ல ரெண்டு நாய் பேரையும் போட்டா பொறக்கப் போற குட்டிக்கு எவ்ளோன்னு காட்டும், இந்த இனத்தோட சராசரிக்கு கீழ வர்ற ஜோடியா தேடுங்க. நான் 6 தாண்டினா அந்த ஜோடியையே விட்டுருவேன், எவ்ளோ நல்ல நாயா இருந்தாலும்.

பொட்ட நாய்க்கு ரெண்டு வயசு ஆகட்டும், மொத ஹீட்ல, அதாவது மொத தடவ பருவத்துக்கு வந்தப்பவே சேக்கறதெல்லாம் பாவம். கென்னல் கிளப் ஒரு தாய்க்கு நாலு ஈத்துக்கு மேல பொதுவா பதிவு பண்ணாது, நான் ரெண்டோட நிறுத்திக்குவேன். இங்கிலாந்துல 12 மாசத்துக்குள்ள மூணு ஈத்து எடுத்து ஒரு குட்டிய வித்தாலே கவுன்சில் லைசென்ஸ் வேணும். சேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாய்க்கும் கருவ கலைக்கற கிருமியான புரூசெல்லா இருக்கான்னு டெஸ்ட், அப்புறம் ரத்தத்துல புரோஜெஸ்ட்டரோன் ஹார்மோன் பாத்து நாள் குறிங்க, முட்ட வந்த நாள்ல இருந்து சுமார் 63 நாள்ல பிரசவம். பிரசவம் நெருங்கும்போது உடம்பு சூடு 37 டிகிரி பக்கம் எறங்கும், அப்ப வெளில எங்கயும் போகாதீங்க.

குட்டி பொறந்ததும் தினமும் எடை போட்டு எழுதுங்க. நான் அன்னிக்கு எழுதியிருந்தா அஞ்சாவது குட்டி மூணாவது வாரத்துலயே பின்தங்கினது கண்ணுல பட்டிருக்கும். ஆறு வாரம் வாக்குல பேயர் டெஸ்ட்டுன்னு காது பரிசோதனை, ஒரு காது மட்டும் கேக்காத குட்டிய வீட்டுல கைதட்டி பாத்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. எட்டு வாரத்துக்கு முன்னாடி யாருக்கும் குடுக்காதீங்க, அதுவும் காலைல போய் ராத்திரி வர்ற வீட்டுக்கு இந்த நாய் வேண்டவே வேண்டாம், வேலை இல்லாட்டி சைக்கிள், கார், பக்கத்து வீட்டு கொழந்தைன்னு எதையாவது ஓட்ட ஆரம்பிச்சுரும்.

வாங்கறவங்களுக்கு எல்லா ரிப்போர்ட்டோட காப்பியும் குடுங்க, கேரியர் குட்டின்னா அதையும் வாயால சொல்லி எழுத்துலயும் குடுங்க, வெல கொறைக்க வேண்டியதில்ல. வச்சுக்க முடியலன்னா எந்த வயசானாலும் என்கிட்டயே திரும்பிக் குடுக்கணும்னு ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிக்குவேன். வருஷத்துக்கு ஒரு தடவ எல்லாருக்கும் மெசேஜ் போட்டு வலிப்பு, நொண்டல், கண்ணு, காதுன்னு நாலு கேள்வி கேட்டு ஒரு எக்செல் ஷீட்ல ஏத்திருவேன். போன வருஷம் ஒரு குட்டிக்கு நாலு வயசுல மொத வலிப்பு வந்துச்சுன்னு பதில் வந்துச்சு, அன்னிக்கே அந்த ஆண் நாயோட ஓனருக்கும் மிச்ச குட்டிங்க வீட்டுக்கும் சொல்லிட்டேன், அந்த ஜோடிய மறுபடி சேக்கல.