தளம் தொங்கினால் ரீஸ்டார்ட் செய்யும் முன்: அப்பாச்சியிடமே நிலையைக் கேட்பது எப்படி?

தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பலருடைய கை நேரே ரீஸ்டார்ட் கட்டளைக்குத்தான் போகும். தளம் எழுந்துவிடும். ஆனால் எது அடைத்துக்கொண்டிருந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். எத்தனை இணைப்புகள் திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன நிலையில் நிற்கிறது, எந்தப் பக்கத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்பதையெல்லாம், தளத்தை வழங்கும் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியே சொல்லும். அதற்கான மாட்யூலின் பெயர் மாட்_ஸ்டேட்டஸ்.

உபுண்டு, டெபியன் சர்வர்களில் உள்ள அப்பாச்சி 2.4-ஐ வைத்து விளக்குகிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: மாட்யூல் ஓடுகிறதா?

சூடோ அப்பாச்சி2சிடிஎல் -எம்

இதில் எம் பெரிய எழுத்து. வரும் பட்டியலில் ஸ்டேட்டஸ்_மாட்யூல் இருந்தால் போதும். டெபியன் குடும்பத்தில் நிறுவும்போதே இது இயங்கும் நிலையில்தான் வரும். இல்லையென்றால் சூடோ ஏ2என்மாட் ஸ்டேட்டஸ் என்று கொடுத்து, ஒருமுறை அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அமைப்புக் கோப்பு இடிசி/அப்பாச்சி2/மாட்ஸ்-எனேபிள்ட் அடைவில் ஸ்டேட்டஸ்.கான்ஃப் என்ற பெயரில் இருக்கும். அதற்குள் 'ரிக்வயர் லோக்கல்' (அதே இயந்திரத்திலிருந்து கேட்பவருக்கு மட்டும் அனுமதி) என்ற வரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். கடைசியில் அதற்குத் திரும்ப வருவோம்.

படி 2: கேட்டுப் பாருங்கள்

கர்ல் -எஸ் 'எச்டிடிபி://லோக்கல்ஹோஸ்ட்/சர்வர்-ஸ்டேட்டஸ்?ஆட்டோ'

முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி கட்டாயம். இல்லையென்றால் சில ஷெல்கள் கேள்விக்குறியைக் கோப்புப் பெயர்த் தேடலாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். கடைசியில் உள்ள 'ஆட்டோ', ஸ்கிரிப்ட் படிக்க வசதியான எளிய உரையைத் தரும். அதை விட்டுவிட்டால் அட்டவணைகளோடு முழுப் பக்கம் வரும்.

இங்கே இரண்டு தடங்கல்கள் அடிக்கடி வரும். 404 வந்தால் பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான் காரணம். அதன் அடைவில் உள்ள .எச்டிஆக்சஸ் என்ற விதிக் கோப்பு, இல்லாத முகவரியையெல்லாம் இண்டெக்ஸ்.பிஎச்பி-க்குத் தள்ளிவிடும். 301 வந்தால், எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பும் விதி குறுக்கே நிற்கிறது. ஒவ்வொரு விதியிலும் விலக்கு எழுதிக்கொண்டிருப்பதைவிட நிலைப் பக்கத்துக்கென்று தனிப் போர்ட் திறப்பதே சுத்தமான வழி. முதலில் /எஸ்ஆர்வி/நிலை என்று ஒரு காலி அடைவை உருவாக்குங்கள். பிறகு சைட்ஸ்-அவைலபிள் அடைவில் நிலை.கான்ஃப் என்ற கோப்பில் இதை எழுதுங்கள்:

லிசன் 127.0.0.1:8081
<வெர்ச்சுவல்ஹோஸ்ட் 127.0.0.1:8081>
டாக்குமென்ட்ரூட் /எஸ்ஆர்வி/நிலை
</வெர்ச்சுவல்ஹோஸ்ட்>

அடைவு காலியாக இருப்பதில்தான் சூட்சுமம்: அங்கே குறுக்கிட எந்த .எச்டிஆக்சஸும் இல்லை. சூடோ ஏ2என்சைட் நிலை, பிறகு சூடோ அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட். 'சின்டாக்ஸ் ஓகே' என்று வந்த பிறகுதான் ரீலோட்.

முழுப் பக்கத்தை உங்கள் கணினியின் பிரவுசரிலேயே பார்க்க எஸ்எஸ்எச் சுரங்கம் போதும்: எஸ்எஸ்எச் -எல் 8081:127.0.0.1:8081, அதன் பின் உங்கள் வழக்கமான லாகின். எல் பெரிய எழுத்து. பிறகு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8081/சர்வர்-ஸ்டேட்டஸ். எந்தப் போர்ட்டையும் வெளியுலகுக்குத் திறக்கத் தேவையில்லை.

படி 3: ஸ்கோர்போர்டைப் படிப்பது

பிஸிவொர்க்கர்ஸ், ஐடில்வொர்க்கர்ஸ் என்ற இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கீழே புள்ளியும் எழுத்துமாக நீளும் ஸ்கோர்போர்டில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு வொர்க்கர், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் அப்பாச்சியின் ஆள். புள்ளி என்றால் காலி இடம், அடிக்கோடு என்றால் வேலைக்குத் தயாராகச் சும்மா நிற்கும் வொர்க்கர்.

டபிள்யூ: பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று நீங்கள்தான், அதாவது இந்த நிலைப் பக்கத்தைக் கேட்ட இணைப்பு. தளத்தில் யாருமே இல்லாதபோதும் ஒரு டபிள்யூ தெரிவது அதனால்தான். ஆனால் பலகை முழுக்க டபிள்யூ என்றால் அப்பாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் பிஎச்பி-யோ அதற்குப் பின்னால் உள்ள டேட்டாபேஸோ இழுத்தடிக்கிறது. முழுப் பக்கத்தில் எஸ்எஸ் என்ற பத்தியைப் பாருங்கள். கோரிக்கை தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பது அது. 40, 60 என்று நிற்கும் வரிகளில் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி அந்தப் பக்கம்தான்.

கே: பதில் கொடுத்தாயிற்று, அடுத்த கோரிக்கை வரும் என்று இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி பிராசஸை ஒதுக்கும் ப்ரீஃபோர்க் முறையில் இப்படி ஒரு கே, ஒரு முழு பிராசஸையே கட்டிப்போடும். இப்படிக் காத்திருக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் கீப்அலைவ்டைம்அவுட் இயல்பாக 5 விநாடி. யாராவது அதை 60 ஆக்கி வைத்திருந்தால் பலகை கே-யால் நிரம்பத்தான் செய்யும். 2 அல்லது 3-க்கு இறக்குங்கள். ஒரு பிராசஸுக்குள் பல த்ரெட்கள் ஓடும் ஈவென்ட் முறையில், காத்திருக்கும் இணைப்புகளைத் தனி த்ரெட் பார்த்துக்கொள்வதால் அவை பலகையில் வராமல், கான்ஸ்அசிங்க்கீப்அலைவ் என்ற எண்ணில் தெரியும்.

ஆர்: இணைப்பு வந்துவிட்டது, கோரிக்கை இன்னும் முழுதாக வரவில்லை. நாலைந்து இருந்தால் யாரோ மோசமான நெட்வொர்க்கில் இருக்கிறார்கள். நூறு இருந்தால், கோரிக்கையை வேண்டுமென்றே துளித்துளியாக அனுப்பி இணைப்புகளை அடைக்கும் ஸ்லோலோரிஸ் வகைத் தாக்குதலாகவும் இருக்கலாம். ஆர் வரிகளில் தெரியும் ஐபி முகவரியை நம்பிவிடாதீர்கள். அது அந்த வொர்க்கரின் முந்தைய கோரிக்கையுடையதாக இருக்கலாம். எஸ்எஸ் -டிஎன் என்ற லினக்ஸ் கட்டளையைக் கொடுத்து, ஐந்தாவது பத்தியில் ஒரே ஐபி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

ஜி: ரீலோட் செய்தபின் பழைய வேலையை முடித்துக்கொண்டிருப்பவை. இவையும் இடத்தை அடைக்கும்.

புள்ளியும் இல்லை, அடிக்கோடும் இல்லை என்றால் உச்சவரம்பைத் தொட்டாயிற்று. எரர்.லாக் கோப்பில் ப்ரீஃபோர்க் என்றால் ஏஎச்00161, ஈவென்ட் என்றால் ஏஎச்00484 என்ற எண்ணோடு, இந்த உச்சவரம்பைக் குறிக்கும் மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் பற்றிய எச்சரிக்கை இருக்கும். அதை உயர்த்தச் சொல்லித்தான் அந்த வரியே யோசனை சொல்லும். கணக்குப் போடாமல் கேட்டுவிடாதீர்கள். டெபியன் தரும் மதிப்பு 150. பிஎச்பி-யோடு ஒரு பிராசஸ் 60 எம்பி பிடித்தால் 150-க்கு 9,000 எம்பி. 4 ஜிபி சர்வரில் அது ஸ்வாப்பில் (நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) விழுந்து, தளம் இன்னும் மோசமாகத் தொங்கும். டேட்டாபேஸுக்கும் சிஸ்டத்துக்கும் 1 ஜிபி ஒதுக்கினால் மிச்சத்தில் 50 வொர்க்கர்தான் தாங்கும். அப்படியானால் எண்ணைக் குறைப்பதே சரி.

படி 4: நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு

நிலைப் பக்கத்தைக் கொடுக்கவும் ஒரு வொர்க்கர் வேண்டும். பலகை நிரம்பிய நேரத்தில் நீங்கள் கேட்டால் நீங்களும் வரிசையில்தான் நிற்பீர்கள். தனிப் போர்ட் இதற்கு உதவாது, வொர்க்கர்கள் எல்லாருக்கும் பொது. ஆகவே கட்டளைகளைக் குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் நிமிடத்துக்கு ஒருமுறை டேட் கட்டளையையும், படி 2-இன் கர்ல் கட்டளையை 8081 போர்ட்டோடும் ஓடவிட்டு ஒரு கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கர்லுக்கு -எம் 5 கொடுங்கள், 5 விநாடிக்கு மேல் காத்திருக்காது. தளம் தொங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடப் பதிவுகளில் எந்த எழுத்து ஏறிக்கொண்டு வந்தது என்பது தெரிந்துவிடும்.

படி 5: யார் பார்க்க முடியும்?

'ரிக்வயர் லோக்கல்' இருந்தால் வெளியாள் பார்க்க முடியாது என்று நினைப்போம். அப்பாச்சிக்கு முன்னால் அதே இயந்திரத்தில் என்ஜின்எக்ஸ், வார்னிஷ் போன்ற ப்ராக்ஸி, அதாவது கோரிக்கைகளை வாங்கி அப்பாச்சிக்குக் கடத்தும் இடைத்தரகர் இருந்தால் கதை வேறு. வருகிறவர் எல்லாருமே 127.0.0.1-லிருந்து வருவதாகத்தான் அப்பாச்சிக்குத் தெரியும், எல்லாருக்கும் கதவு திறக்கும். டார் நெட்வொர்க்கில் மறைவாக இயங்கும் ஆனியன் தளங்கள் பலவற்றில் நிலைப் பக்கம் வெளியே தெரிந்ததும் இதனால்தான். பார்வையாளர்களின் ஐபி, அவர்கள் கேட்ட முகவரிகள், முகவரிக்குள் டோக்கன் இருந்தால் அதுவும் அம்பலமாகும்.

மொபைல் டேட்டாவில், உங்கள் டொமைனோடு /சர்வர்-ஸ்டேட்டஸ் சேர்த்துத் திறந்து பாருங்கள். 403 அல்லது 404 வந்தால் சரி. பக்கம் திறந்தால், பொதுத் தளத்தின் வெர்ச்சுவல்ஹோஸ்டுக்குள் அந்த லொக்கேஷனுக்கு 'ரிக்வயர் ஆல் டினைட்' எழுதுங்கள். 8081 வழக்கம்போல் வேலை செய்யும். ஆர்டர், அலோ ஃப்ரம் என்ற 2.2 காலத்து வரிகளை ரிக்வயரோடு கலக்காதீர்கள். எது ஜெயிக்கும் என்று ஊகிப்பதிலேயே பொழுது போய்விடும்.

எந்த வெர்ச்சுவல்ஹோஸ்ட் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதை அப்பாச்சி2சிடிஎல் -எஸ் காட்டும், எஸ் பெரிய எழுத்து. அனுமதி வரிகள் உட்பட மொத்த அமைப்பையும் பார்க்க ஏ2என்மாட் இன்ஃபோ கொடுத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சுரங்கம் வழியாக /சர்வர்-இன்ஃபோ திறக்கலாம். .எச்டிஆக்சஸில் எழுதியவை மட்டும் அதில் வராது. பார்த்து முடித்ததும் ஏ2டிஸ்மாட் இன்ஃபோ, மறுபடி ரீஸ்டார்ட்.