நொய்யல் உப்புக் கணக்கு: மாசு வரம்பில் நாம் செய்யும் தவறுகள்

வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும்போது நொய்யல் தெளிந்த தண்ணீர்தான். கோவை தாண்டி, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்வதற்குள் அது என்ன பாடு படுகிறது என்று கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விதி இருந்தது, வரம்பும் இருந்தது. இருந்தும் சாயப்பட்டறைக் கழிவாலும் ஊர்ச் சாக்கடையாலும் ஆறு கெட்டது. வரம்பு மீறப்பட்டது ஒரு காரணம். வரம்பை எண்ணிய விதமே தப்பாக இருந்தது இன்னொரு காரணம். அதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீர், விதிப்படி சரியாக 2100-ல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு நாளில் ஆற்றில் விழும் உப்பு 21 டன். வருடத்துக்கு 7,600 டன்னுக்கு மேல். இதில் ஒருவர்கூட விதியை மீறவில்லை! 6000 இருக்கிற கழிவில் இரண்டு மடங்கு போர்வெல் தண்ணீரைக் கலந்தால் 2100-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அறிக்கையில் பாஸ். உப்போ ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. நல்ல நிலத்தடி நீர்தான் வீணாகியிருக்கும்.

ஆகவே வரம்பை ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஆறு கெடாமல் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தாங்கும்? அதை முதலில் கண்டுபிடித்து, பிறகு பட்டறை, நகராட்சிச் சாக்கடை, வயல் என்று எல்லோருக்கும் பங்கு பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு 2010-ல் அப்படித்தான் செய்தார்கள். வருடத்துக்கு நைட்ரஜன் சுமார் 8.4 கோடி கிலோவுக்கு மேல் வரக் கூடாது என்று மொத்த வரம்பு வைத்து, ஆறு மாநிலங்களுக்கும் வாஷிங்டன் நகரத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-க்குள் எட்ட நினைத்த இலக்கை அவர்களாலும் முழுதாக எட்ட முடியவில்லை. ஆனால் எவ்வளவு பாக்கி, யார் பங்கில் பாக்கி என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நொய்யலுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சுத்தம் செய்வது அடுத்த தவறு. பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். லிட்டருக்கு 50 கிராம் என்பதெல்லாம் சாதாரணம். அந்த உப்பு துணியில் தங்காது. அலசும்போது அத்தனையும் வெளியே வந்துவிடும். திருப்பூரின் ஆரம்பகாலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கின. கரைந்த உப்பை அவற்றால் எடுக்க முடியாது. தண்ணீர் வெளுத்து ஓடியதைப் பார்த்து ஆறு பிழைத்தது என்று நம்பியவர்கள் உண்டு. கீழே இருந்த விவசாயிக்குத்தான் உண்மை தெரியும்: கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து காய்ந்த வாய்க்காலைத் தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டும், தென்னை ஓலையின் நுனி கருகும்.

பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத பூஜ்ய வெளியேற்ற முறை நிஜமாகவே நடைமுறைக்கு வந்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் உப்பை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து பிரிக்கின்றன, அவ்வளவுதான். மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். அந்த மூட்டைகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தவறு. கூரையில்லாமல் கிடந்தால் ஒரு மழை போதும், அதே உப்பு அதே ஆற்றுக்கு வந்துவிடும்.

பழியைப் பட்டறைகள் மேல் மட்டும் போட்டுவிட்டு ஊர்ச் சாக்கடையை மறந்துவிடுகிறோம். கோடையில் நொய்யலில் பல இடங்களில் ஓடுவதே சாக்கடைதான்.

மாதிரி எடுக்கும் நாளும் முக்கியம். ஐப்பசி வெள்ளத்தில் எடுத்தால் எந்த ஆறும் நல்ல ஆறுதான். தண்ணீர் குறைந்த பங்குனி, சித்திரையில் எடுங்கள். வரம்பையும் அந்த மாதங்களின் நீரோட்டத்தை வைத்தே போடுங்கள். மழைக்காலத்தின் முதல் வெள்ளத்தையும் விடாதீர்கள், கரையில் குவிந்ததை எல்லாம் அதுதான் வழித்துக்கொண்டு வரும். அத்துடன் ஆற்றை ஒட்டிய கிணறுகளில் சிலவற்றைக் குறித்து வைத்து, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் டி.டி.எஸ். பாருங்கள். மண்ணில் இறங்கிய உப்பு ஒரு நல்ல மழையில் போய்விடாது. ஆறு தெளிந்து பல வருடம் ஆன பிறகும் கிணறு உவர்ப்பாகவே இருக்கலாம். அந்த எண் இறங்கத் தொடங்கும் வருடத்தைத்தான் முன்னேற்றம் என்று எழுத வேண்டும்.