போன மாதம் எடுத்த படத்துக்கு நாற்பது வயது ஏற்றுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பா அம்மாவின் பழைய கலர் போட்டோக்களை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினோம். எல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. நடுவில் ஒரு சட்டம் காலி. சரி, இப்போதைய படம் ஒன்றையும் அங்கே வைக்கலாம் என்று இருவரையும் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய், டூமா தெருவில் ஒரு மஞ்சள் சுவர் முன்னால் நிறுத்தி போனில் எடுத்தேன். அதை அப்படியே மாட்டினால் சிம்னி விளக்குகளுக்கு நடுவே டியூப்லைட் வைத்த மாதிரி இருந்திருக்கும். அதைப் பழசாக்கிய கதைதான் இது.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் காலத்துப் பழசு? போன் ஆப்களில் பழசு என்றால் பழுப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த செபியா பழுப்பு பெரும்பாலும் வயதால் வந்ததே இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் கறுப்பு வெள்ளைப் படத்தை ரசாயனத்தில் முக்கி, அதிலுள்ள வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றிய பூச்சு அது. அப்பாவின் கல்யாணக் காலத்துக் கலர் படத்துக்கு அதைப் போட்டால் வேஷம் பொருந்தாது. கிம்ப்பிலேயே ‘ஓல்டு ஃபோட்டோ’ என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள்.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுத்தல்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஸ்கூட்டர் வரிசை, ஃப்ளெக்ஸ் பேனர், கையில் போன், பிளாஸ்டிக் பாட்டில் எதுவும் சட்டத்துக்குள் வரக் கூடாது. புதுச்சேரியில் பைக் இல்லாத சுவர் கிடைக்க வேண்டுமென்றால் காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும்.

படி 2: அளவும் வெள்ளை ஓரமும்

படத்தைத் திறந்து ‘இமேஜ்’ மெனுவில் ‘ஸ்கேல் இமேஜ்’ மூலம் அகலத்தை 2000 பிக்சலாக்குங்கள். பிறகு அதே மெனுவில் ‘கேன்வாஸ் சைஸ்’. அகலம், உயரம் இரண்டுக்கும் 160 கூட்டி, ‘சென்டர்’ அழுத்தி ‘ரீசைஸ்’ கொடுங்கள். இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள சங்கிலியை முதலில் அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றை மாற்றும்போது இன்னொன்றும் தானாக மாறும். கடைசியில் ‘ஃப்ளாட்டன் இமேஜ்’. பின்னணி நிறம் வெள்ளையாக இருந்தால் வெள்ளை ஓரம் தயார்.

ஓரத்தைக் கடைசியில் சேர்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. தாள் பழுக்கும்போது ஓரமும் சேர்ந்துதானே பழுக்கும்? பளிச்சென்ற வெள்ளை ஓரத்துக்குள் மங்கிய படம் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்போது கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு, ‘லேயர்’ (அடுக்கு) மெனுவில் ‘டூப்ளிகேட் லேயர்’ கொடுத்துப் படத்தின் நகல் ஒன்றை மேலே வையுங்கள். இனி செய்வதெல்லாம் மேல் அடுக்கில்தான்.

படி 3: கூர்மையைக் குறைத்தல்

போன் கேமரா ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகச் செதுக்கித் தரும். ‘ஃபில்டர்ஸ்’ மெனுவில் படத்தை மங்கலாக்கும் ‘காஸியன் ப்ளர்’ 1 அல்லது 1.5 வையுங்கள், போதும்.

படி 4: கர்வ்ஸ்

உயிர் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

கலர் பிரிண்ட்டில் மூன்று சாயங்கள் உண்டு: சயான், மெஜந்தா, மஞ்சள். அந்தக் காலத்துத் தாள்களை இருட்டில் வைத்திருந்தால் பெரும்பாலும் சயான்தான் முதலில் மங்கும். சிவப்பைத் தடுத்து நிறுத்துவது சயான். அது போனதும் சிவப்பு மேலே வந்துவிடும். டிரங்குப் பெட்டிப் படங்கள் செங்கல் நிறமானது இதனால்தான். வெயிலில் கிடப்பவற்றின் கதை வேறு. டீக்கடைச் சுவரில் தொங்கும் காலண்டர் சாமி நீலமாகிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே மையின் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய்விட்டன.

‘கலர்ஸ்’ மெனுவில் ‘கர்வ்ஸ்’ திறந்தால் ஒரு குறுக்குக் கோடு தெரியும். ‘வேல்யூ’ (மொத்த வெளிச்சம்) சேனலில் இடது கீழ்ப் புள்ளியை 25 வரை உயர்த்துங்கள். கறுப்பு சாம்பலாகும். வலது மேல் புள்ளியை 240க்கு இறக்குங்கள். அப்புறம் ‘ரெட்’ சேனலுக்கு மாறி, இடது கீழ்ப் புள்ளியை 35 வரை ஏற்றி, கோட்டின் நடுப்பகுதியையும் துளி மேலே தூக்குங்கள். ‘புளூ’ சேனலில் வலது மேல் புள்ளியை 210க்குக் கொண்டுவந்தால் வெள்ளை ஓரம் மஞ்சள் பாரிக்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்கத் தலைமுடியைப் பாருங்கள். கறுப்பு முடி லேசாகச் செம்பட்டை அடித்தால் கைவசம் வந்துவிட்டது. முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டால் சிவப்பைக் குறையுங்கள். எண்கள் உங்கள் படத்துக்கு ஏற்ப மாறும். பக்கத்தில் ஒரு அசல் பழைய படத்தை வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

பிறகு அதே மெனுவில் ‘சாச்சுரேஷன்’ (நிறத்தின் அடர்த்தி) 0.75.

படி 5: பொடியும் கறையும்

புது லேயர் எடுத்து 808080 என்ற நிறக் குறியீடு கொண்ட நடுச் சாம்பலால் நிரப்பி, பொடிப் புள்ளி தூவும் ‘ஆர்ஜிபி நாய்ஸ்’ ஃபில்டர் போடுங்கள். ‘இண்டிபெண்டண்ட் ஆர்ஜிபி’ டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கலர் கலராகப் புள்ளி வரும். லேயர் மோட் (கீழ் அடுக்கோடு கலக்கும் விதம்) ‘கிரெய்ன் மெர்ஜ்’, ஒப்பாசிட்டி (அடுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பது) 25.

கீறலையும் தூசியையும் இணையத்தில் தேட வேண்டாம். கறுப்பு சார்ட் தாளில் முகப்பவுடரை ஒரு சிட்டிகை ஊதிவிட்டு, போனில் படம் எடுங்கள். ‘ஓபன் ஆஸ் லேயர்ஸ்’ மூலம் மேலே கொண்டுவந்து மோடை ‘ஸ்க்ரீன்’ ஆக்கினால் கறுப்பு மறைந்து தூசி மட்டும் நிற்கும். கறைக்கு இதன் நேர் எதிர்: பழைய போட்டோ ஒன்றின் பின்பக்கத்தைப் படமெடுத்து ‘மல்டிப்ளை’ மோடில் வையுங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றில் பூஞ்சைக் கறைக்குப் பஞ்சமே இல்லை, வீட்டிலேயே கிடைத்தது.

ஓரங்களை இருட்டாக்கும் ‘விக்னெட்’டை நான் தொடவில்லை. அளவோடு போட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

கறுப்பு வெள்ளைதான் வேண்டுமா?

‘கலர்ஸ்’ மெனுவில் இருக்கும் ‘மோனோ மிக்ஸர்’ எடுத்து சிவப்பை 0, பச்சையை 0.4, நீலத்தை 0.6 ஆக்குங்கள். ஆரம்பகால ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் வானம் வெளுத்து, குங்குமப் பொட்டு கறுத்து விழும். டூமா தெருவின் மஞ்சள் சுவர்கூட இருண்டுவிடும். மாதிரிக்கு அசல் படங்கள் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைச் சேகரித்து டிஜிட்டலாக்கியிருக்கிறது.

படி 6: பிரிண்ட்

‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ கொடுத்து ஜேபெக், தரம் 90. பளபளப்பில்லாத மேட் தாளில் போடச் சொல்லுங்கள்.

முதல்முறை நான் கொடுத்த இடத்தில், மிஷின் தானாகவே கலரைச் சரிசெய்துவிட்டது. சிவப்பு போய், கறுப்பு ஏறி, முந்தாநாள் எடுத்த மாதிரி பளபளவென்று கையில் வந்தது. “படம் மங்கலா இருந்துச்சு தம்பி, நல்லா பண்ணிக் குடுத்திருக்கோம்” என்றார்கள். ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்.