பழைய ஆட்டக்காரனா இப்ப உள்ளவனா: ஒட்டுக்கடை சண்டைய ஒழுங்கா நடத்துறது எப்படி

எங்க சுங்கை சிப்புட் பக்கம் சனிக்கிழம ராத்திரி ஒட்டுக்கடையில பெரிய டிவில பந்து ஓடும், அப்ப எவனாச்சும் ஒரு பையன் வாய வெச்சிகிட்டு சும்மா இல்லாம "பெலே எல்லாம் இப்ப வந்தா பெஞ்சுலதான் உக்காரணும் லா"ன்னு சொல்லிட்டான்னா முடிஞ்சது. பக்கத்து மேசையில தே தாரிக் குடிச்சிகிட்டு இருக்குற அங்கிள் நாற்காலியத் திருப்பிப் போடுவாரு, நம்ம மலேசியாவோட பழைய முன்வரிச ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி பேரு வரும், கோல்கீப்பர் ஆறுமுகம் பேரு வரும், மரடோனா வருவாரு, மெஸ்ஸி வருவாரு, கட சாத்துற வரைக்கும் ஓயாது, மறுவாரம் அதே ஆளுங்க அதே பேச்ச ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிப்பாங்க. இந்தச் சண்டைய நிறுத்துங்கன்னு நான் சொல்லல, அது இல்லன்னா சனிக்கிழமைக்கு என்ன ருசி. ஆனா எங்கயாச்சும் போய்ச் சேர்ற மாதிரி பேசலாம், அதுக்குத்தான் இது.

முதல் வேல, யாரும் பேரு சொல்றதுக்கு முன்னாடி எந்தக் கேள்விக்குப் பதில் தேடுறோம்னு முடிவு பண்ணுங்க. ஏன்னா இங்க ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, 1970-ல இருந்த பெலேவ அப்படியே, அதே உடம்பு அதே பூட்டு அதே பயிற்சியோட தூக்கிட்டு வந்து இந்த வருஷத்து மேட்ச்ல எறக்கினா என்ன ஆகும். ரெண்டு, அதே பெலே 2000-ல பொறந்து, இப்ப உள்ள அகாடமி, சாப்பாட்டுக்கு ஆளு, மூட்டுக்கு டாக்டர் எல்லாம் கெடச்சு வளந்திருந்தா என்ன ஆயிருக்கும். பையன் மொத கேள்விக்குப் பதில் சொல்றான், அங்கிள் ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்றாரு, ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க, ஆனா சட்டையப் புடிக்கிறாங்க. ஒரு பேப்பர்ல எழுதி மேசையில வெச்சிருங்க, "இன்னிக்கு ரெண்டாவது கேள்வி மட்டும்"னு. சிரிப்பாங்க, பரவால்ல.

மொத கேள்விக்கு என் பதிலச் சொல்லிட்றேன், அதுல ரொம்ப நேரம் நிக்க வேணாம். இப்ப உள்ளவன்தான். 1970-கள்ல இங்கிலாந்து முதல் டிவிஷன் ஆட்டக்காரங்கள அளந்து பாத்தப்ப ஒரு மேட்ச்ல சராசரி 8.7 கிலோமீட்டர் பக்கம் ஓடியிருக்காங்க, இப்ப பெரிய லீக்ல 10-ல இருந்து 12 சாதாரணம், அதுலயும் வேகமா ஓடுற ஓட்டம் ஜாஸ்தி. அன்னிக்கு ஓடினவன் சோம்பேறின்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அன்னிக்கு அவ்வளவு ஓடச் சொல்லி யாரும் கேக்கல, அவ்வளவுதான். அங்கிள்ங்க இத ஒத்துக்கிட்டா மீதிப் பேச்சு சுலபமா போகும்.

ரெண்டாவது கேள்விதான் சுவாரசியம், அதுக்குக் கொஞ்சம் வேல செய்யணும்.

மொதல்ல கிளிப்ப ஒழிக்கணும். 3 நிமிஷ கிளிப் பாத்துட்டுப் பேசக்கூடாதுன்னு சட்டம் போடுங்க, ரெண்டு பக்கத்துக்கும். பையனுக்கு டிக்டாக்ல வர்றது கோலு மட்டும், அங்கிளுக்கு நெனப்புல நிக்கிறதும் கோலு மட்டும், அந்த ஆளு அன்னிக்கு எத்தன தடவ பந்தத் தொலச்சாருன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. முழு மேட்ச் பாருங்க. பழைய உலகக் கிண்ண மேட்ச் நெறைய முழுசாவே ஆன்லைன்ல கெடைக்குது. தொடங்குறதுக்கு 1970 இறுதியாட்டம் போடுங்க, பிரேசில் 4, இத்தாலி 1, மெக்சிகோவுல அஸ்தேக்கா ஸ்டேடியம், கடல் மட்டத்துக்கு மேல 2,200 மீட்டர் உசரம். எல்லாரும் பேசுறது அந்த நாலாவது கோலு, குளோடோவால்டோ தன் பக்கத்துல நாலு பேர ஏமாத்தி, பந்து ரிவெலினோ, ஜாயிர்சினோ, பெலேன்னு போய் கார்லோஸ் ஆல்பர்ட்டோ வலது பக்கத்துல இருந்து ஓடி வந்து அடிக்கிறது. அதப் பாக்குறதுக்கு முன்னாடி மொத 20 நிமிஷத்தப் பாருங்க.

எப்படிப் பாக்கணும்னா, கைப்பேசில ஸ்டாப்வாட்ச் எடுத்துக்குங்க. ஒரே ஒரு ஆள மட்டும் கண்ணால பின்தொடருங்க, 1970-க்கு ஜெர்சோன் நல்ல ஆளு, நடுவுல நின்னு பந்து பிரிக்கிறவரு. அவரு காலுக்குப் பந்து வந்த உடனே அமுக்குங்க, எதிராளி ரெண்டு கையெட்டும் தூரத்துக்கு வந்த உடனே நிறுத்துங்க. ஒரு பத்து தடவ எடுத்தா போதும். அப்புறம் 2022 இறுதியாட்டம் போட்டு அர்ஜென்டினாவோட என்சோ ஃபெர்னாண்டஸுக்கு அதே மாதிரி எடுங்க. எழுதி வெச்ச ரெண்டு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாலே அன்னிக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருந்துச்சு, இன்னிக்கு எவ்வளவு இருக்குன்னு வெளங்கிரும். இங்க பையன் பாயிண்ட் எடுப்பான்.

உடனே எதிர்ப்பக்கத்தையும் எண்ணுங்க, இல்லன்னா ஓரவஞ்சன. அதே ஆளுக்கு எத்தன தடவ கால்ல அடி விழுது, அதுக்கு ரெபரி என்ன செஞ்சாருன்னு குறிச்சு வைங்க. இதுக்கு 1982 உலகக் கிண்ணத்துல இத்தாலி அர்ஜென்டினா மேட்ச் போடணும். கிளாடியோ ஜென்டிலேங்குற ஆளு மரடோனாவ ஒரே மேட்ச்ல 23 தடவ ஃபவுல் பண்ணாரு, கெடச்சது ஒரு மஞ்சள் அட்ட, அவ்வளவுதான். இன்னிக்கு அந்த ஆளு அரை மணி நேரம் தாங்கியிருக்க மாட்டாரு. அதுக்கும் முன்னாடி, 1966-ல, பெலேவ பல்கேரியாவும் போர்த்துகலும் உதைச்சே முடிச்சாங்க, போர்த்துகல் மேட்ச்ல அவரு நொண்டிக்கிட்டே திடல்ல நின்னாரு, ஏன்னா மாத்து ஆட்டக்காரர எறக்குற விதியே அப்ப உலகக் கிண்ணத்துல கெடையாது, அது வந்தது 1970-ல, மஞ்சள் செவப்பு அட்டையும் அதே 1970-லதான். பின்னாடி இருந்து வெட்டினா நேரா செவப்புங்குற கண்டிப்பு 1998 கிண்ணத்துல வந்துச்சு. "அந்தக் காலத்துல எல்லாம் மெதுவா ஆடினாங்க அங்கிள்"னு சொல்ற தம்பி, மெதுவா ஆடினவன் கால் தப்பிச்சதே பெருசுன்னு அப்பத்தான் புரிஞ்சிக்குவான். இங்க அங்கிள் பாயிண்ட் எடுப்பாரு.

மருத்துவத்தையும் இதுலயே சேத்துக்குங்க. நெதர்லாந்து முன்வரிச ஆளு வான் பாஸ்டன் கணுக்கால் போய் 1993-ல கடைசி மேட்ச் ஆடுறப்ப வயசு 28. சுவீடன்காரர் இப்ராஹிமோவிச் 2017-ல முட்டி கிழிஞ்சு போனப்ப 35, அதே வருஷம் திரும்பி வந்தாரு, 41 வரைக்கும் ஆடினாரு. தெறமையில வான் பாஸ்டன் கொறச்சலா? பொறந்த வருஷம்தான் கொறச்சல்.

அடுத்து கணக்கு. கோல் எண்ணிக்கைய அப்படியே வெச்சு அடிச்சிக்கிறது வீண் வேல, ஏன்னா எல்லா காலத்துலயும் கோல் ஒரே வெலை இல்ல. 1954 உலகக் கிண்ணத்துல 26 மேட்ச்ல 140 கோலு, அதாவது மேட்சுக்கு 5.38. 1990-ல 52 மேட்ச்ல 115, மேட்சுக்கு 2.21, பாத்தவங்களுக்குத் தெரியும் எவ்வளவு வறட்சின்னு. 2022-ல 64 மேட்ச்ல 172, மேட்சுக்கு 2.69. அதனால இப்படிச் செய்ங்க: ஒரு ஆளு மேட்சுக்கு எத்தன கோல் போட்டாருன்னு பாத்து, அந்தக் கிண்ணத்தோட சராசரியால வகுங்க.

பிரான்ஸோட ஜஸ்ட் ஃபோன்டேன் 1958-ல 6 மேட்ச்ல 13 கோலு, மேட்சுக்கு 2.17, அந்த வருஷத்து சராசரி 3.6, வகுத்தா 0.60. எம்பாப்பே 2022-ல 7 மேட்ச்ல 8, மேட்சுக்கு 1.14, சராசரி 2.69, வகுத்தா 0.42. கெர்ட் முல்லர் 1970-ல 6 மேட்ச்ல 10, சராசரி 2.97, வகுத்தா 0.56. வெறும் கோலப் பாத்தா ஃபோன்டேன் எம்பாப்பேய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, காலத்த வகுத்த பிறகு ஒண்ணரை மடங்குக்கும் கீழ வந்துருது, ஆனாலும் மேலதான் நிக்கிறாரு. அதாவது அங்கிள் சொல்றதுல காத்து எறங்குது, டயர் பஞ்சர் ஆகல. இந்தக் கணக்கு முன்வரிச ஆளுங்களுக்கு மட்டும்தான் செல்லும், பந்து பிரிக்கிறவனுக்கும் டிஃபெண்டருக்கும் இது ஒண்ணுத்துக்கும் உதவாது, மரடோனா 1986-ல 5 கோல் போட்டு 5 கோலுக்குப் பந்தும் குடுத்தாரே அத எந்த வகுத்தல்ல போடுவீங்க.

விருத எண்றவங்களுக்கு ஒரே வரி போதும். வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்குற பாலோன் டோர் 1994 வரைக்கும் ஐரோப்பாக்காரங்களுக்கு மட்டும்தான், பெலேவும் மரடோனாவும் வாங்கலன்னா குடுக்கல, குடுக்க முடியாது. மெஸ்ஸிக்கு எட்டு இருக்குன்னு எவனாச்சும் பெலேவுக்கு நேரா வெச்சு ஆரம்பிச்சா அந்த மேசைக்கு பில்லு அவன்தான் கட்டணும்.

இப்ப நம்ம வீட்டு விஷயம், இதுலதான் சூடு ஜாஸ்தி, அதனால நடுராத்திரிக்கு முன்னாடி முடிச்சிருங்க. மலேசியா 1972 மியூனிக் ஒலிம்பிக்ல ஆடுச்சு, அமெரிக்காவ 3-0 ஜெயிச்சுது, மேற்கு ஜெர்மனி கிட்ட 0-3, மொராக்கோ கிட்ட 0-6 தோத்துச்சு. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுல வெண்கலம். 1980-ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல தென்கொரியாவ 2-1 அடிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்குச்சு, அப்புறம் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள பூந்த விவகாரத்துல அரசாங்கம் டீம அனுப்பல. மொக்தாருக்கு ஃபீஃபா ஒத்துக்கிட்ட கணக்கே 142 மேட்ச்ல 89 கோலு. அங்கிள்ங்க இதெல்லாம் மனப்பாடமா வெச்சிருப்பாங்க, மறுக்க முடியாது. பையன் கையில இருக்குறது 2018-ல உலக வரிசையில 178-வது இடம் வரைக்கும் எறங்குன மலேசியா. அதனால ஊர்ல எல்லாரும் இந்த ரவுண்டு அங்கிளுக்குன்னு மூடிருவாங்க.

மூடாதீங்க. இங்கயும் அதே வகுத்தல் வேணும், கோலுக்குப் பதிலா எதிராளிய வகுக்கணும். 1980-ல நம்ம ஆளுங்க பகல்ல வேலைக்குப் போய்ட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வந்தவங்க, ஆனா கொரியாவுலயும் அப்ப தொழில்முறை லீக் கெடையாது, அது வந்தது 1983-ல, ஜப்பான்ல 1993-ல. எல்லாரும் சாயங்காலத்து ஆட்டக்காரங்களா இருந்தப்ப நாம முன்னாடி இருந்தோம், அவங்க முழுநேரமா மாறினாங்க, நாம 1989-ல பாதி தொழில்முறைக்குப் போனோம், 1994-லயே சூதாட்ட ஊழல் வெடிச்சு ஒரு தலமுறை ஆட்டக்காரங்களே கலஞ்சு போனாங்க. அப்படிப்பட்ட நாடு 2024 ஜனவரில ஆசியக் கிண்ணத்துல சோன் ஹியூங் மின் ஆடுன தென்கொரியாவோட 3-3 எடுத்துச்சே, அது 1980-ல ஜெயிச்சத விடக் கஷ்டமான வேலன்னு நான் சொல்லுவேன். இத ஒட்டுக்கடையில சொல்றப்ப கொஞ்சம் தள்ளி உக்காந்து சொல்லுங்க. அதே மாதிரி மொக்தார் 1978-ல இங்கிலாந்துக்கு எதிரா கோல் போட்டாருன்னு சொன்னா, அது இங்கிலாந்தோட ரெண்டாம் வரிச பி டீம், 1-1, கோலு உண்மையிலயே அழகு, ஆனா பி டீம்னு மரியாதையா ஒரு தடவ சொல்லிருங்க. அங்கிள்னு கூப்பிட்டுட்டுச் சொல்லுங்க, பேரச் சொல்லி வேணாம்.

"எங்க காலத்துல தோட்டத்துக்குத் தோட்டம் டீம் இருந்துச்சு, இப்ப எவன் இருக்கான்"னு ஒரு வாதம் கண்டிப்பா வரும். அது உண்ம. காலையில பெரட்டுல பேரு குடுக்குறது, ரப்பர் பால் வெட்டு, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் லயத்துல இருக்குற அத்தன பையனும் திடல்ல, வேற போக்கு கெடையாது. ரப்பர் போய் செம்பனை வந்து, சனங்க தாமான் வீடுகளுக்கும் பட்டணத்துக்கும் போய், பாதித் திடல்ல இப்ப லாலாங்குப் புல்லு நிக்குது. ஆனா இது எத்தன பேரு ஆடினாங்கங்குற விஷயம், எவ்வளவு நல்லா ஆடினாங்கங்குற விஷயம் இல்ல, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்புறப்ப பேச்ச நிறுத்திப் பிரிச்சு வைங்க. நெறைய பேரு ஆடினா நல்லவன் ஒருத்தன் கண்ணுல படுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, அந்த அளவுக்கு அங்கிள் சொல்றது செல்லும். அவரு கூட ஆடுன அத்தன பேரும் மொக்தார்னு ஆயிராது.

என் கணக்கு எங்க வந்து நிக்குதுன்னா, உச்சியில இருக்குற அஞ்சாறு பேர எந்தக் காலத்துல பொறக்க வெச்சாலும் உச்சியிலதான் இருப்பாங்க, ஆனா சாதாரண டீம்ல ஏழாவது எட்டாவது ஆளு இருக்கானே, பேரு தெரியாத லெப்ட் பேக், அவன் இன்னிக்கு 1970-ல இருந்தவன விட ரொம்ப ரொம்ப நல்ல ஆட்டக்காரன். ஸ்டாப்வாட்ச் எடுத்துகிட்டு ஒரு தடவ லெப்ட் பேக்க மட்டும் பாருங்க, நான் சொன்னது தெரியும்.

கோல்கீப்பர மட்டும் இதுல சேக்காதீங்க, தனி ராத்திரி வைங்க. 1992 வரைக்கும் சொந்த ஆளு கால்ல தட்டிக் குடுத்த பந்தக் கையால எடுக்கலாம், அந்த வருஷம் விதி மாறினப்புறம் கீப்பர் வேலையே வேற வேல, இப்ப எடர்சன் மாதிரி ஆளுங்க கால்ல பாஸ் குடுக்குறதுக்கே சம்பளம் வாங்குறாங்க. ஆறுமுகம், நீளக் கைய வெச்சு ஸ்பைடர்மேன்னு பேரு வாங்குனவரு, 1988 டிசம்பர்ல கார் விபத்துல போயிட்டாரு, இந்த விதிய அவரு பாக்கவே இல்ல, அவர எடர்சனோட வெச்சா ரெண்டு பேருக்கும் அநியாயம். அன்னிக்கு பாக்குறதுக்கு 1990 கிண்ணத்து மேட்ச் ஒண்ணு, இப்பத்த மேட்ச் ஒண்ணு போதும், கீப்பர் கையில பந்து எவ்வளவு நேரம் இருக்கு, கால்ல எவ்வளவு நேரம் இருக்குன்னு மட்டும் எண்ணுங்க.