தடை போட்டவரிடமே முறையீடு

"நமக்குள்ள விதியெல்லாம் எதுக்கு?" தன்னார்வலர்கள் கூடி இணையத்தில் ஒன்றைக் கட்டும்போது முதல் ஓரிரு வருடம் இப்படித்தான் போகும். விதி எழுதாத குழுவிலும் யாரோ ஒருவர் முடிவெடுத்துக்கொண்டுதான் இருப்பார். பிறகு அவரை இறக்கத்தான் வழி தெரியாது.

குரோவாசிய விக்கிப்பீடியாவைப் பாருங்கள். சுமார் 2011 முதல் 2020 வரை ஒரு சின்ன நிர்வாகிகள் கூட்டம் அதைக் கைக்குள் வைத்திருந்தது. யசெனோவாச், இரண்டாம் உலகப் போரில் உஸ்தாசிகள் என்ற குரோவாசிய பாசிசவாதிகள் நடத்திய வதைமுகாம். செர்பியர், யூதர், ரோமா மக்கள் எனப் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்ட இடம். அதை ஏதோ உழைப்பு முகாம் போல எழுதிவைத்தார்கள். திருத்தப் போனவருக்குத் தடை. விக்கிக்குள் தேர்தல் வந்தால் கைப்பாவைக் கணக்குகளின் (ஒரே ஆள் பல பெயரில் திறப்பவை) வாக்கு. 2013இல் கல்வி அமைச்சரே மாணவர்களிடம் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னார். அதற்கப்புறமும் ஏழு வருடம் ஓடியது.

அந்த நிர்வாகிகளின் கெட்ட எண்ணத்தை ஒரு பக்கம் விட்டுவிடுங்கள், அது எங்கும் உண்டு. தடை போடுகிறவரும் முறையீட்டைக் கேட்கிறவரும் ஒரே ஆட்களாக இருந்ததுதான் அடிப்படைக் கோளாறு. கட்டுரைச் சண்டையில் ஒரு பக்கம் நிற்கும் நிர்வாகி, எதிராளியைத் தடுக்கும் பொத்தானைத் தானே அழுத்தக் கூடாது. வேறொருவரைக் கூப்பிட வேண்டும். ஆள் குறைந்த விக்கிகளில் இரண்டு மூன்று பேரே எல்லா வேலையும் பார்ப்பதால், முதலில் காற்றில் பறப்பது இந்த விதிதான்.

அடுத்த தவறு, தனி அரட்டையில் முடிவெடுப்பது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப் பேச்சுக்கென்று 'ஆலமரத்தடி' இருக்கிறது. பெயரே வழியைச் சொல்கிறது. நாலு பேர் வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிட்டு, பொதுப் பக்கத்தில் "ஒருமித்த கருத்து எட்டப்பட்டது" என்று ஒரு வரி போட்டால், மற்றவர்கள் சண்டைகூடப் போட மாட்டார்கள். சத்தமில்லாமல் வராமல் போய்விடுவார்கள்.

நல்ல தலைவர் கிடைத்துவிட்டால் ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்று இருந்துவிடுவதும் தவறுதான். பைத்தான் என்ற கணினி நிரல் மொழிக்கு அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம்தான் 'ஆயுட்கால சர்வாதிகாரி'யாக இருந்தார் (வேடிக்கைப் பட்டம்தான், ஆனாலும் கடைசிச் சொல் அவருடையது). 2018 ஜூலையில், ஒரு சிறு குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சண்டையில் சலித்துப்போய் விலகினார். வாரிசையும் நியமிக்கவில்லை. மாதக்கணக்கில் விவாதித்து, ஐந்து பேர் குழுவைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்க முடியாது. 2019 தேர்தலில் கைடோவும் நின்றார், ஐவரில் ஒருவராக உட்கார.