பிழை தாங்கும், குறைந்த மின்வலுவில் ஓடும் சிப்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சிப் டிசைன் செய்யும் பிள்ளைகளைக் காண்பது இப்போது அபூர்வம் இல்லை. யோசிஸ், ஓபன்லேன் மாதிரியான இலவச டூல்கள் வந்துவிட்டன. 2020 இல் கூகிளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து 130 நனோமீற்றர் தயாரிப்பு விபரங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டன. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற ஒரு பிள்ளை லீவுக்குத் திருநெல்வேலி வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் மடிகணினியை வைத்துக்கொண்டே ஒரு சின்னப் புரொசெசரை லேயவுட் (தயாரிப்புக்கான வரைபடம்) வரைக்கும் கொண்டுபோய்விடலாம். எனக்கு இது பெரிய சந்தோஷம். ஆனால் பார்த்துச் சொல்லுங்கோ என்று எனக்கு அனுப்பும் டிசைன்களில், நானும் என்னோடு தொடங்கினவர்களும் அந்தக் காலத்தில் விட்ட அதே தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன. கிளொக்கை (சிப்பை நடத்தும் தாளத் துடிப்பை) வெறும் அன்ட் கேற்றால் நிறுத்தாதே, லட்ச் தெரியாமல் உருவாக விடாதே என்பதெல்லாம் எந்த விரிவுரையிலும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். கதிர்த் துணிக்கை மாதிரியானவை தரும் பிழையைத் தாங்கிக்கொண்டு, குறைந்த மின்னிலும் ஓட வேண்டிய சிப்பில் விடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கதிர்வீச்சு விண்வெளியில்தானே, எங்களுக்கு என்ன?

1970களின் கடைசியில் இன்டெலின் டிரம் (DRAM) நினைவகச் சிப்புகளில் காரணமே தெரியாமல் பிட்டுகள் புரண்டுகொண்டிருந்தன, 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. திமொதி மே, மரே வூட்ஸ் இரண்டு பேரும் தேடிக் கண்டுபிடித்த காரணம் வானத்தில் இல்லை, சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையிலேயே இருந்தது. அதில் மிகச் சிறிதளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் விட்ட அல்பாத் துணிக்கைகள்தான் பிட்டுகளைப் புரட்டின. இதைத் தவிர அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் நியூத்திரன்கள் தரை மட்டத்திலும் வந்து விழுகின்றன. எங்களைப் போல் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புவிக்காந்தம் கொஞ்சம் கூடுதலாகத் தடுத்துத் தருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறும் உண்டு. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் ஏறும் வெப்பநிலை ஒன்று. கரண்ட் நின்று திரும்ப வரும் நேரத்தில் வோல்ற்றளவு துள்ளுவது இன்னொன்று. வெப்பம் ஏறினால் கசிவு மின்னோட்டம் நேர்கோட்டில் கூடாது, அடுக்குமுறையில் ஏறும். 25 பாகை அறையில் அளந்த பற்றரி ஆயுள், கூரைக்குக் கீழே வைத்த பெட்டிக்குப் பொருந்தாது.

மூன்று பிரதி எழுதியிருக்கிறீர்கள், சிப்பில் ஒன்றுதான் இருக்கிறது

இதைப் பற்றித்தான் நீளமாகக் கதைக்கப் போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

டி.எம்.ஆர். என்கிற மும்மடங்குப் பிரதி முறை எல்லோருக்கும் தெரியும். ஒரே ரெஜிஸ்டரை (சிப்புக்குள் பெறுமானத்தைச் சேமிக்கும் சின்ன இடத்தை) மூன்றாக வைத்து, மூன்றின் வெளியீட்டையும் பெரும்பான்மை பார்க்கும் ஒரு வோட்டருக்குக் கொடுத்தால், ஒன்று புரண்டாலும் மற்ற இரண்டும் சொல்வது நிற்கும். வொன் நொய்மான் 1956 இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது. எழுதுவதும் லேசு, ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்.

கிணற்று நீரின் உப்புத்தன்மையை அளந்து பதிவு செய்ய ஒரு கட்டுப்பாட்டுச் சிப் செய்துகொண்டிருந்த ஒரு குழு என்னிடம் வந்தது. எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் கடல்நீர் உள்ளே ஏறுவது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று நான் சொல்லத் தேவையில்லை, நல்ல வேலைதான் எடுத்திருந்தார்கள். சின்னப் பற்றரி, சின்னச் சூரியப் பலகை, ஆள் போய்ப் பார்க்காமலே மாதக்கணக்கில் ஓட வேண்டும். அதனால் அளவீட்டுக்கான அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டருக்கு டி.எம்.ஆர். போட்டிருந்தார்கள். அறிக்கையைத் திறந்து காட்டிய தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணை, மூண்டு மடங்காக்கியும் வலு கூடவேயில்லை!”

“ஃபிளிப்-ஃப்ளொப் எத்தினை எண்டு எண்ணிப் பாத்தனீரோ?”

எண்ணிப் பார்த்தோம். ஒரு பிட்டைச் சேமிக்கும் சுற்றுத்தான் ஃபிளிப்-ஃப்ளொப். 32 பிட் ரெஜிஸ்டர், மூன்று பிரதி, ஆகவே 96 இருக்க வேண்டும். நெட்லிஸ்டில், அதாவது எழுதிய கோட்டை (நிரலை) டூல் சுற்றாக மாற்றித் தரும் பட்டியலில், இருந்தது 32. வோட்டரைத் தேடினோம், அதுவும் இல்லை.

நடந்தது இதுதான். மூன்று பிரதிக்கும் ஒரே உள்ளீடு, ஒரே கிளொக், ஒரே ரீசெற். மூன்றும் எப்போதும் ஒரே பெறுமானத்தைத்தான் வைத்திருக்கும் என்று, அப்படி மாற்றித் தரும் சின்தெசிஸ் டூல் சரியாகவே கண்டுபிடித்து, இரண்டை அழித்து மூன்று கம்பியையும் ஒன்றில் கட்டிவிட்டது. அப்புறம் வோட்டரின் மூன்று கால்களிலும் ஒரே சைகை வருவதால் அதுவும் வெறும் கம்பியாகச் சுருங்கிவிட்டது. டூலில் ஒரு குற்றமும் இல்லை. வீணானதை அகற்றி வலுவைக் குறை என்றுதானே அதற்குச் சொல்லியிருக்கிறோம்? பிழை தாங்குவதற்காக வைக்கும் ஒவ்வொன்றும் டூலின் கண்ணுக்கு வீண். டிரான்சிஸ்டர் புரளும், கம்பியில் துடிப்பு வரும் என்பதெல்லாம் அதன் கணக்கில் கிடையாது.

இந்தத் தவறு வழக்கமான எந்தச் சோதனையிலும் மாட்டாது என்பதுதான் கொடுமை. கோட் மட்டத்தில் சிமியுலேஷன் ஓட்டி ஒரு பிரதியை வலிந்து புரட்டிப் பார்ப்பீர்கள், வோட்டர் அழகாகத் திருத்தும், ஏனென்றால் கோட்டில் மூன்றும் இருக்கின்றன. சரி, கோட்டையும் நெட்லிஸ்டையும் ஒப்பிடும் சமானச் சோதனை பிடிக்காதா? பிடிக்காது. பிழையே நடக்காத உலகத்தில் இரண்டும் ஒன்றுதான், எனவே பச்சை விளக்குத்தான் எரியும். மேசையில் வைத்து ஓட்டினாலும் நன்றாகவே ஓடும். பரப்பளவும் வலுவும் எதிர்பார்த்ததைவிட நல்லாக வரும், கூட இருப்பவர்கள் கை தட்டுவார்கள்.

முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் இது தயாரிப்பு வரைக்கும் போயிற்று. மீளாய்வுப் பட்டியலில் “டி.எம்.ஆர். உண்டா?” என்ற வரிக்கு முன்னால் சரி போட்டிருந்தார்கள். போட்டவர் பார்த்தது கோட்டை. நெட்லிஸ்டைத் திறந்து பாருங்கள் என்று கேட்டதற்கு, கோட்டில் இருப்பது எப்படி இல்லாமல் போகும் என்பதுதான் பதிலாக வந்தது. சிப் திரும்பி வந்து கதிர்ச் சோதனைக்குப் போனபோது விளங்கியது, பாதுகாத்திருக்க வேண்டிய ரெஜிஸ்டர்கள் பாதுகாப்பே இல்லாதவை மாதிரிப் புரண்டன. இந்தக் கட்டத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உலோகப் படைகளை மட்டும் மாற்றி ஒரு கம்பியைத் திருப்பலாம், பக்கத்தில் உதிரியாக விட்ட ஒன்றிரண்டு கேற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் சிலிக்கனில் இல்லவே இல்லாத நூற்றுக்கணக்கான ஃபிளிப்-ஃப்ளொப்புகளை எங்கிருந்து கொண்டு வருவது? சிப்பை அச்சிடும் மாஸ்க் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு கட்டளை போட்டு ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் போதும் என்பதை நினைக்க இப்போதும் வயிறு எரிகிறது.

ஆகவே தம்பி, தங்கச்சிமாரே, இவற்றைச் செய்யுங்கள். அழிக்காதே, தொடாதே என்று டூலுக்குச் சொல்லும் பண்புக்குறிகள் எல்லா டூலிலும் உண்டு, சிலவற்றில் “கீப்” என்றிருக்கும், சிலவற்றில் “டோன்ட் டச்”. அதைக் கம்பிக்குப் போட வேண்டுமா, ரெஜிஸ்டருக்கா, மொடியூலுக்கா என்பது டூலுக்கு டூல் மாறும், கையேட்டைப் பாருங்கள். மூன்று பிரதியையும் தனித்தனி மொடியூலாக வைத்து, அந்த எல்லைகளைக் கரைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பிரதியைத் தலைகீழாக்கிச் சேமித்தால் டூல் ஏமாந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில டூல்கள் அதையும் கண்டுபிடித்து ஒன்றாக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். என்ன செய்தாலும், சின்தெசிஸ் முடிந்ததும் ஃபிளிப்-ஃப்ளொப்பை எண்ணி, எதிர்பார்த்த எண் வராவிட்டால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதி வையுங்கள். பிளேஸ்மென்ட், ரவுட்டிங் (கேற்றுகளைச் சிப்பில் இருத்துவது, கம்பி இழுப்பது) முடிந்த பிறகும் அதே ஸ்கிரிப்ட் திரும்ப ஓட வேண்டும், அங்கேயும் டூல் சுத்தம் செய்யும். பிழை புகுத்தும் சோதனையைக் கடைசி நெட்லிஸ்டில் செய்யுங்கள், கோட்டில் செய்தது கணக்கில் வராது.

இதே இனத்தில் இன்னொன்று, நிலைப்பொறி, அதாவது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறி வேலையை நடத்தும் சுற்று. ஐந்து நிலைக்கு மூன்று பிட் எடுத்தால் மூன்று சேர்க்கைகள் மிச்சம். பிட் புரண்டு அதற்குள் விழுந்தால் தொடக்க நிலைக்குத் திரும்பட்டும் என்று நினைத்து “டிஃபோல்ட்” கிளையை எழுதுவீர்கள். அந்த நிலைகளுக்கு ஒருபோதும் போக முடியாது என்று டூல் நிறுவிவிட்டு அந்தக் கிளையைத் தூக்கி எறியலாம். பாதுகாப்பான நிலைப்பொறி என்று கேட்கும் தெரிவு பல டூல்களில் உண்டு, அதைப் போட்டுவிட்டு நெட்லிஸ்டிலும் பாருங்கள்.

அழியாமல் தப்பிய மூன்று பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரே துணிக்கை இரண்டைத் தட்டிவிட்டுப் போகும். இடைவெளி விட்டு வையுங்கள்.

வலுவையும் சக்தியையும் ஒன்றென நினைப்பது

மீடிறனைப் பாதியாக்கினேன், வலு பாதியாகிவிட்டது என்று எழுதியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் போகிறது. ஆளி மாறும் செலவு கொள்ளளவம், வோல்ற்றளவின் வர்க்கம், மீடிறன் மூன்றின் பெருக்கத்தோடு போவதால், ஒரு வேலைக்கான சக்தி அப்படியே இருக்கும். கசிவுச் செலவு மட்டும் இரட்டிக்கும். பற்றரிக்கு வேண்டியது சக்திக் கணக்கு. பல நேரங்களில் வேகமாக ஓடி முடித்துவிட்டு மின்னைத் துண்டித்துத் தூங்குவதுதான் மலிவு.

வோல்ற்றளவைக் குறைத்தால்தான் உண்மையான லாபம். ஸ்கைவாட்டரின் வழமையான 1.8 வோல்ற்றிலிருந்து 1.35 க்கு இறக்கினால் வர்க்கக் கணக்கில் ஆளிச் செலவு 56 வீதமாகிறது. இங்கேதான் இரண்டு இலக்கும் ஒன்றையொன்று இழுக்கின்றன, அறிமுக வகுப்புகளில் இது வராது. வோல்ற்றளவு குறைய ஒரு பிட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்றமும் குறைகிறது, பிட் புரள்வது லேசாகிறது. கேற்றுகளும் மெதுவாகின்றன. முதலில் விழுவது பெரும்பாலும் எஸ்ரம் (SRAM) நினைவகம், ஏனென்றால் ஆறு டிரான்சிஸ்டர் கொண்ட அந்தச் சின்னக் கலங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் மிக மோசமான ஒன்றுதான் எல்லையைத் தீர்மானிக்கும். நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் உயர்ந்த வோல்ற்றளவைத் தனியாகக் கொடுக்கலாமா என்று யோசியுங்கள். நீங்கள் இறங்கும் வோல்ற்றளவுக்கான நேர அட்டவணை கல நூலகத்தில் (ஆயத்தக் கேற்றுகளின் தொகுப்பில்) இருக்கிறதா என்றும் பாருங்கள், ஊகித்து இறங்காதீர்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2003 இல் வந்த ரேசர் முறையே பிழை தாங்கப் போதும் என்று மேற்கோள் காட்டுவோருக்கு ஒன்று. அது வோல்ற்றளவு குறைந்து தாமதமாக வந்த சைகையை, நிழல் லட்ச் என்ற இரண்டாவது சேமிப்புச் சுற்றால் பிடித்துத் திருத்துகிறது. சேமித்து வைத்த பிட் புரள்வதைப் பிடிக்க அது செய்யப்படவில்லை.

தூங்கும் ரெஜிஸ்டரை மறப்பது

டி.எம்.ஆர். ஒரு பிழையைத் தாங்கும். வோட்டர் சொன்ன பெறுமானம் ஒவ்வொரு கிளொக்கிலும் மூன்று பிரதிக்கும் திரும்ப எழுதப்பட்டால்தான் அடுத்த பிழையையும் தாங்கும். வலு சேமிக்க கிளொக்கை நிறுத்தியதும் இந்தத் திருத்தமும் நின்றுவிடுகிறது. கிணற்று அளவி மாதிரி பெரும்பாலான நேரம் தூங்கும் சிப்பில், இன்றைக்கு ஒரு பிரதி புரண்டு, பிறகு அதே பிட்டின் இன்னொரு பிரதியும் புரண்டால், வோட்டர் பிழையான பக்கத்துக்கே வாக்களிக்கும்.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஒரு பிரதி சரியாக இருக்கும் நிகழ்தகவு ப என்றால் மூன்று பிரதிக்கு 3ப² − 2ப³. ப பாதிக்கு மேலே இருக்கும்வரைதான் இது லாபம். கீழே போனால் தனிப் பிரதியே மேல். திருத்தாமல் நீண்ட காலம் விட்டால் ப குறைந்துகொண்டேதான் போகும். அதனால் தூக்கத்தின் இடையிடையே எழுப்பி ஒருமுறை திருத்தி எழுதிவிட்டுத் திரும்பத் தூங்க விடுங்கள். அந்த விழிப்புக்கான சக்தியையும் பற்றரிக் கணக்கில் சேருங்கள்.

எல்லாவற்றையும் மூன்றாக்குவது

தேவையில்லை. சந்திரனுக்குப் போன சற்றேன்-5 இன் வழிகாட்டும் கணினியிலேயே தர்க்கச் சுற்றைத்தான் மும்மடங்காக்கினார்கள், நினைவகத்துக்கு இரட்டைப் பிரதியும் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சமநிலைப் பிட்டும் போதுமாக இருந்தன. இன்றைக்கு நினைவகத்துக்கு ஹமிங் வழிவந்த திருத்தக் குறியீடு இருக்கிறது, 64 பிட்டுக்கு 8 பிட் மேலதிகம். ஒற்றைப் பிழையைத் திருத்தும், இரட்டைப் பிழையைக் கண்டுபிடிக்கும், செலவு 12.5 வீதம். மும்மடங்காக்கினால் 200 வீதம். நிலைப்பொறி, அமைப்பு ரெஜிஸ்டர், ரீசெற் தர்க்கம் போன்றவற்றுக்கு மூன்று பிரதி வையுங்கள். கூட்டல் பெருக்கல் பாதைக்குப் பிழையைக் கண்டுபிடித்துத் திரும்பச் செய்வதே போதும்.

ஒரே வோட்டர்

வோட்டரும் டிரான்சிஸ்டரால் ஆனதுதான். அதையும் மூன்றாக்குங்கள்.

மூன்று பிரதிக்கும் ஒரே ரீசெற் கம்பி

வேண்டாம். ஒரு துடிப்பு மூன்றையும் துடைத்துவிடும். கிளொக் கிளைக்கும் இதுதான்.

மின் துண்டித்த பகுதியின் வெளியீட்டைத் தனிமைப்படுத்தாமல் விடுவது

மின் இல்லாத பக்கத்துச் சைகை மற்றப் பக்கத்தைக் குழப்பாமல் தடுக்கத் தனிமைப்படுத்தும் கலத்தைப் போடுங்கள், அதற்கு எப்போதும் மின் இருக்கும் பக்கத்திலிருந்து ஊட்டம் கொடுங்கள்.

திருத்திய பிழையைப் பதியாமல் விடுவது

திருத்தக் குறியீடு சத்தமில்லாமல் வேலை செய்யும். ஒரு கலம் மெல்லப் பழுதாகிக்கொண்டிருந்தாலும் வெளியே எல்லாம் சரியாகவே தெரியும், இரண்டாவது பிட் போகும் அன்றைக்குத்தான் சிப் விழும். எந்த முகவரியில், எத்தனை தடவை திருத்தப்பட்டது என்று வைத்திருக்க ஒரு சின்ன எண்ணியும் ஒரு ரெஜிஸ்டரும் போதும். மென்பொருள் அதை வாசிக்க ஒரு வழியும் வையுங்கள். பல முகவரிகளில் ஒவ்வொன்றாக வந்தால் துணிக்கைகள், ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கலமே பழுது, வெப்பமான மத்தியானங்களில் மட்டும் கூடினால் உங்கள் வோல்ற்றளவு ஒதுக்கம் போதாது. அந்த எண்ணிக்கும் தனியாகத் திருத்தக் குறியீடு தேவையா என்று அந்தக் குழுவிலேயே ஒரு தங்கச்சி கேட்டாள். இரண்டு பிரதி வைத்து ஒப்பிட்டால் போதும் என்றேன். எண் பொருந்தாவிட்டால் அதை நம்பாமல் திரும்பப் பூச்சியத்திலிருந்து எண்ணட்டும்.